நர்ஸம்மா வைத்த ஒரே விசேஷம்

நான் வீடு கட்டிக் குடிவந்தபோது நர்ஸம்மாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல, நான்காம் வீதியின் கடைசியில் ஓர் ஓட்டு வீடு இருப்பதே எனக்குத் தெரியாது. புதுமனை புகுவிழா முடிந்த மறுநாள் காலை, கஞ்சி போட்ட சேலையில் ஓர் அம்மாள் வாசலில் நின்றார். கையில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் ஒரு மொய்க் கவர், பின்னால் மூன்று நாய்கள்.

“நேத்து விசேசம். எனக்குப் பத்திரிகை வரலை, அதனால வரலை. இன்னைக்கு விசேசம் இல்லை, அதனால வந்துட்டேன். வீதிக்குக் குடிவந்தவங்களப் பாக்குறது மொறைல்ல?” என்றார்.

என் மனைவி மொய் நோட்டை எடுத்துவந்து அவர் கண் முன்னாலேயே எழுதினாள். சரியாக எழுதியிருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு காபி குடித்தார். என் மகளுக்குப் பத்து வயது ஊசி போட்டாயிற்றா என்று விசாரித்தார். போடவில்லை. மறுநாள் போட்டோம்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் நகரில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளத்தூர்ப் பக்கம் பதினொரு வருடம், ஆலங்குடிப் பக்கம் இருபது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் என் மனைவிக்குத்தான் இருந்தது. “நேரம் இல்லைத்தா” என்று பதில் வந்தது.

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. யார் பத்திரிகை வைத்தாலும் போவார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊரானாலும் போவார். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் என்றால் தூரத்துக் கல்யாணத்துக்குத்தான் முதலில். “கிட்டக்க இருக்கவங்க கோவிச்சுக்கிட்டா சாயந்தரம் போயிச் சமாதானம் சொல்லிக்கலாம்” என்பார். யாரிடமாவது ஒரு கிண்ணம் குழம்பு வாங்கினால் அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பாது. குழம்பு கொடுத்தவர் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் பசி இல்லாவிட்டாலும் திரும்பாது. நாங்கள் அவர் வீட்டுக்கு எதுவும் கொடுத்தனுப்பப் பயந்த காலம் உண்டு.

நாய்களுக்கும் அதே முறைதான். எங்கள் நகரில் ஏழு தெருநாய்கள். ஏழுக்கும் தனித்தனி அட்டை வைத்திருந்தார். பிறந்த நாள், தாய், தடுப்பூசி போட்ட நாள், குடும்பக் கட்டுப்பாடு செய்த நாள் எல்லாம் நீல மையில் இருக்கும். தந்தை என்ற கட்டத்தில் ஏழு அட்டையிலும் ‘வெளியூர்’ என்று எழுதியிருந்தது. ஊசி போடும்போது நாயின் காதைப் பிடித்துக்கொண்டு, “அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு” என்பார். அப்போதுதான் ஆரம்பித்திருப்பார். மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளை அவர் ஏமாற்றிய வசனம் அதுதான்.

எட்டாவதாக ஒரு வெள்ளை நாய் இருந்தது. மெயின் ரோட்டில் ஜல்லி லாரி அடித்துச் செத்துப்போனது. நர்ஸம்மா வீடு வீடாக வந்து கேதம் சொன்னார். சாவுச் செய்தியை வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியேதான் செய்தார். எங்கள் வீட்டில் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில்தான் நாய்க்குப் போகிறோம் என்று உறைத்தது. திரும்பினால் பார்த்துவிடுவார் என்பதால் போய்விட்டு வந்தேன். என்னைப் போல இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு நாய் என்றால் பயம். இதைச் சொல்லிவிடுவது நல்லது. பிடிக்காது என்று வெளியே சொல்லிக்கொள்வேன், ஆனால் பயம்தான்.

அந்த ஏழில் செவலை என்று ஒன்று. அது ஒருநாள் விடிகாலையில் எங்கள் நகர் நலச் சங்கத் தலைவரின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. தலைவர் நடைப்பயிற்சிக்குப் போகும்போது கையில் ஒரு பிரம்பைச் சுழற்றிக்கொண்டே போவார். அதை எல்லோரும் மரியாதையாக எடுத்துக்கொண்டோம், செவலை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று பத்து மணிக்கு நர்ஸம்மா ஒரு டஜன் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாகத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கூடவே செவலையும் வந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன்.

“எங்க வீட்டுப் பய செஞ்சது தப்புதானுங்க” என்று ஆரம்பித்தார். அட்டையை எடுத்து நீட்டினார். “ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கு. நீங்க பயப்படாதீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

தலைவர் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அந்த அட்டையை வாங்கிப் படித்தார். பாவம், வேறு என்ன செய்வார். அதற்குப் பிறகு அவருக்கு ஊசி போடவேண்டிய ஒவ்வொரு நாளும் முந்தின நாள் போன் செய்து, “நாளைக்கு மூணாவது”, “நாளைக்கு நாலாவது” என்று நர்ஸம்மா ஞாபகப்படுத்தினார். தலைவரின் கோபம் கூடியதற்குக் கடியைவிட அந்தப் போன்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

சங்கக் கூட்டம் போட்டார்கள். ஏழு நாய்களையும் ஆள் வைத்துப் பிடித்துத் தைலமரக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று தலைவர் சொன்னார். புதுக்கோட்டைக்காரர்களுக்குத் தைலமரக் காட்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மைல் கணக்கில் வரிசை வரிசையாக மரம் நிற்கும், கீழே ஒரு புல் முளைக்காது, ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. அங்கே விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. செயலாளர் என்ற முறையில் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

பேசியது பெங்களூரிலிருந்து வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு இளம் தம்பதி. அவர்களிடம் ஒரு லாப்ரடார் உண்டு. “அங்கல்லாம் நாய்ங்களுக்குன்னே பார்க் இருக்கும் சார். வேலி போட்டு, உள்ள அவுத்து விட்டுருவாங்க. வீட்டு நாயும் வரும்” என்றான் அந்தப் பையன். சிலர் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

“வேலிக்குள்ள இருந்தா யாருக்கும் ஆட்சேபம் இல்லீங்களே?” என்று கேட்டார்.

வேலியும் இல்லை, பணமும் இல்லை என்பதால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

“அப்ப அப்படியே எழுதிக்கிருங்க தம்பி” என்று என்னைப் பார்த்தார். ஆடி மாதம் முடிவதற்குள் வேலிக்குப் பணம் சேர்த்துக் காட்டினால் நாய்கள் இருக்கலாம், இல்லாவிட்டால் ஆவணி ஒன்றாம் தேதி வண்டி வரும் என்று எழுதினேன். நர்ஸம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் என் ஆபீசுக்கு வந்தார். வீடு கட்டுபவர்களுக்கு பிளான் வரைந்து அப்ரூவல் வாங்கித் தருவது என் தொழில். ஈசானி மூலையில் கக்கூஸ் வந்துவிட்டதென்று அழுதவர்களையெல்லாம் பார்த்தவன். ஆனால் நாய்க்கு பிளான் கேட்டு யாரும் வந்ததில்லை. எங்கள் நகருக்கு மனை பிரித்தபோதே பூங்காவுக்கென்று விட்ட இருபத்திரண்டு சென்ட் இடம் கிழக்கே கிடந்தது. அதில் இரண்டு லோடு செங்கலும் கருவேல முள்ளும் இருந்தன. செங்கல் தலைவருடையது. முள் யாருடையதும் அல்ல.

“கேட்டு ரெண்டு வேணும். ஒண்ணத் தொறந்து உள்ள வந்து, அதச் சாத்திட்டுத்தான் அடுத்ததத் தொறக்கணும். ஆபரேசன் தியேட்டர் மாதிரி” என்றார். தண்ணீர்த் தொட்டி முழங்காலுக்குக் கீழே. குட்டி போட்டது, காயம்பட்டது இவற்றுக்குத் தனித் தடுப்பு. ஒரு மூலையில் மணல். இரண்டு வேம்பு, இரண்டு புங்கை. நடுவில் ஆங்காங்கே ஆறு கம்பம். கம்பம் எதற்கு, லைட் போடவா என்று கேட்டேன். நாய் எதற்காகக் கம்பத்தைத் தேடும் என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. இருபத்தாறு வருட அனுபவத்தில் அந்தக் காரியத்துக்காகவே கம்பம் வரைந்தது அப்போதுதான்.

உட்கார பெஞ்சு போடலாமா என்றேன்.

“வேண்டாம். மனுசங்க ஒக்காந்தாப் பேசுவாங்க. பேசுனா நாயப் பத்தித்தான் பேசுவாங்க.”

பழக்க தோஷத்தில் வாஸ்து பார்க்கணுமா என்று கேட்டுவிட்டேன். “அதுகளுக்குத் தெரியும், அதுகளே பாத்துக்கிரும்” என்றார். இந்த வார்த்தையை மனிதர்கள் சொல்லியிருந்தால் என் தொழில் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

அனுமதி கேட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். பிளானை நிமிர்த்தி வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்தும் பார்த்தார். பூங்கா இடத்தில் பூங்காதானே, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் செலவு உங்களுடையது என்றார். “நாய்க்குன்னு நிதி ஒதுக்க எங்களுக்கு வழி இல்லைம்மா. கன்னுக்குட்டின்னா ஏதாச்சும் பாக்கலாம்” என்று வருத்தப்பட்டார்.

லாப்ரடார்ப் பையன் அதற்கும் வழி சொன்னான். இணையத்தில் போட்டால் உலகம் முழுவதிலுமிருந்து அனுப்புவார்களாம்.

“அனுப்புறவங்களுக்கு நாம எப்பத் திருப்பிச் செய்யிறது?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“திருப்ப வேண்டாம் ஆன்ட்டி. அது டொனேஷன்.”

“அப்ப வேண்டாம்.”

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பையன் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன். நர்ஸம்மாவே, “நான் மொய் விருந்து வெக்கிறேன் தம்பி” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து நடக்கும். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, ஊரைக் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். அதில் நிலம் வாங்குவார்கள், மகளைக் கட்டிக்கொடுப்பார்கள், வெளிநாட்டுக்கு விசா எடுப்பார்கள். வாங்கியதை அவரவர் விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பவேண்டும். திருப்பாதவனுக்கு ஊரில் முகம் கிடையாது. ஆனால் யாரும் யாரிடமும் போய்க் கேட்க மாட்டார்கள். விசேஷம் வைத்தால்தான் திரும்பும். நர்ஸம்மா முப்பத்தோரு வருடம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று எத்தனையோ வீடுகளில் எழுதியிருக்கிறார். அவருக்கு யாரும் ஒரு பைசா திருப்பியதில்லை. திருப்ப அவர் வீட்டில் என்ன விசேஷம் நடந்தது?

யார் யாருக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நோட்டைக் கொடுங்கள், பத்திரிகைக்குக் கணக்குப் போடலாம் என்றேன்.

“நோட்டு ஏது? வாங்குனவங்கதான் எழுதி வெச்சுக்கணும். குடுத்தவங்க எழுதி வெச்சா வட்டிக்கடை மாதிரி ஆயிருமே” என்றார். இவர் சொல்வது உண்மையா என்று பார்க்க இவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எல்லாம் ஊரார் அலமாரியில், ஊரார் மனசாட்சியில் இருந்தது.

பத்திரிகை அடிக்கும்போது இன்னொரு வம்பு வந்தது. மாமன் பெயர் இல்லாமல் அது பத்திரிகை ஆகாது, நோட்டீஸ்தான் என்றார். அவருக்கோ உடன்பிறந்தவர்கள் இல்லை. “நீங்கதான பிளான் போட்டீங்க, நீங்களே மாமனா இருந்துக்கிருங்க தம்பி” என்று சொல்லிவிட்டார். நான் மறுப்பதற்குள் அச்சகத்துக்குப் போய்விட்டது. ‘நாய்ப் பூங்கா கால்கோள் விழா மற்றும் மொய் விருந்து’ என்று மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்து. கீழே தாய்மாமன் என்று போட்டு என் பெயர், என் டிப்ளமோவுடன். ஒரு வாரத்தில் டீக்கடையில் என்னை நாய்மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என் மனைவி முதலில் கோபப்பட்டாள், பிறகு அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

பன்னிரண்டு நாள் என் ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஊர் ஊராகப் பத்திரிகை வைத்தார். முகவரி எல்லாம் அவர் மனதில் பிரசவமாகத்தான் இருந்தது. “அங்கிட்டுத் திரும்புங்க, கால் மொதல்ல வந்த பிள்ளை வீடு” என்பார். “இங்கிட்டு நிறுத்துங்க, இரட்டைப் பிள்ளை.” போன இடமெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டோடு நீட்டுவார். வாங்கிப் படித்தவர்கள் மறுபடி ஒருமுறை படிப்பார்கள். ஒரு ஊரில் ஒரு பெரியவர், “இதுக்கு நான் மொய் எழுதுனா, நாளைக்கு எங்க வீட்டு விசேசத்துக்கு யாரும்மா வருவா, நாயா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது.

“நான் வருவேங்க” என்றார் நர்ஸம்மா. பெரியவருக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தார்.

நகரிலே தலைவர் ஒரு கருத்தைப் பரப்பிவிட்டார். விசேஷம் என்றால் மனிதருக்கு. பிள்ளைக்குக் காது குத்தினால் விசேஷம், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் விசேஷம். நாய்க்கு வேலி போடுவது விசேஷமே இல்லை. விசேஷம் இல்லாத இடத்தில் மொய்யைத் திருப்பவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சட்டம் எங்கேயும் எழுதப்படவில்லை என்பதுதான் சங்கடம். ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் மட்டும் தலையாட்டவில்லை. “எங்க வீட்ல நாய் வளக்க மாட்டோம். ஆனா தாகத்துக்குத் தண்ணி வெக்கிறதுல மனுசன் என்ன, நாய் என்னங்க? தொட்டி என் பொறுப்பு” என்றார்.

ஆடி மூன்றாவது ஞாயிறு விருந்து. முள்ளை வெட்டி, செங்கலை ஓரமாக அடுக்கி, வேலி வரவேண்டிய இடத்திலேயே பந்தல் போட்டார்கள். தலைவர் செங்கல் குறையாமல் இருக்கிறதா என்று ஒருதடவை வந்து எண்ணிவிட்டுப் போனார். நாலு கிடா அறுத்தார்கள். சமையல்காரரிடம் நானூறு இலைக்குச் சொல்லியிருந்தோம். நர்ஸம்மாவின் கையில் எப்போதும் கிடக்கும் இரண்டு வளையல்களும் அன்று இல்லை. நான் கேட்கவில்லை. ஆள் வராவிட்டால் ஏழு நாய் மட்டும் போகாது, கிடாக்காரருக்கும் சமையல்காரருக்கும் பாக்கி கொடுத்தே இவரும் நொடித்துப்போவார் என்று எனக்குத் தெரிந்தது.

மொய் எழுத நான்தான் உட்கார்ந்தேன். என் கையெழுத்து பிளான் கையெழுத்து, தெளிவாக இருக்கும். ஒன்பது மணிக்கு நோட்டைப் பிரித்துப் பிள்ளையார் சுழி போட்டேன். பத்து மணிக்கும் பிள்ளையார் சுழிதான் இருந்தது. லாப்ரடார்த் தம்பதி வந்தார்கள். லாப்ரடாருக்குப் பட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். நான் காலைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினேன். பதினொரு மணிக்கு பாய் வந்து எழுதினார். பிறகு யாரும் இல்லை. மைக் செட்காரன் பாட்டுப் போட்டதும் நான்காம் வீதியில் அடைத்துவைத்திருந்த ஏழும் சேர்ந்து ஊளையிட்டன. பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

நர்ஸம்மா பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாக நின்றார். விசேஷ வீட்டுக்காரர் நிற்கும் இடம் அது. அவருக்கு அங்கே நின்று பழக்கமில்லை. யாரோ ஆய்வுக்கு வரப்போகிறார்கள் என்பதுபோல விறைப்பாக நின்றார். கூட நிற்க ஆள் இல்லை. மாமன் என்ற முறையில் நான் போய் நின்றிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

பதினொன்றரைக்கு ஒரு டாடா ஏஸ் வந்து நின்றது. பின்னால் நின்றபடி பதினைந்து இருபது பெண்கள். ஆலங்குடிப் பக்கத்து ஆட்கள். முதலில் இறங்கிய அம்மாள் ஐம்பது தாண்டியவர், கையில் மஞ்சப் பை. நேரே என் மேஜைக்கு வந்து பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அட்டை போய், ஓரம் செல்லரித்த நோட்டு. ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். ‘நர்ஸம்மா, இருபத்தொன்று’ என்று பென்சிலில் எழுதியிருந்தது.

“எம் மகன் காதுகுத்துக்கு எழுதுனதுங்க. அவன் இப்ப துபாய்ல இருக்கான். இந்த இருபத்தொன்னத் திருப்ப முடியாம இத்தன வருசமா மனசே ஆறலை. அவங்க ஒரு விசேசம் வெக்க மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தோம்” என்று சொல்லிவிட்டு, ஆயிரத்தொன்றை எடுத்து வைத்தார்.

என்ன விசேஷம் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்து இரண்டாகத் தெரிந்தது. பின்னாலிருந்த பெண், “சீக்கிரம் எழுதுங்க, வெயில்ல நிக்கிறோம்ல” என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. வேன் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, மோட்டார் சைக்கிளில் மூன்று மூன்று பேராக வந்தார்கள். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. ஏறக்குறைய எல்லோர் கையிலும் ஒரு பழைய நோட்டு, அல்லது அதில் கிழித்த ஒரு தாள். ஐந்து, பதினொன்று, ஐம்பத்தொன்று. நாயா வரும் என்று கேட்ட பெரியவரும் வந்து, சர்க்கரை குறைந்துவிட்டது என்று நர்ஸம்மாவிடம் முதலில் தெரிவித்துவிட்டு அப்புறம் எழுதினார். என் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து மூன்று மேஜை போட்டோம். வரிசை மெயின் ரோடு வரைக்கும் போனது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் நகர்க்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய் அலமாரியைக் குடைந்தார்கள்.

ஒன்றரை மணிக்குத் தலைவர் வந்தார். வந்தார் என்பதைவிட, அவர் மனைவி கூட்டிவந்தார் என்பது சரி. அந்த அம்மாளுக்கு இரண்டு பிரசவமும் நர்ஸம்மா கையில் ஆனவை.

“பேர மட்டும் எழுது. நாய்க்குன்னு எழுதாத” என்றார் தலைவர்.

“நாய்க்குன்னு தனிக் கட்டம் இல்லைங்க தலைவரே” என்றேன்.

இரண்டாயிரத்தொன்று எழுதினார். செங்கலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எப்படியும் அது பந்தல்காரன் ஆட்கள் கால் பட்டுப் பாதி உடைந்திருந்தது.

அந்த ஆவணியில் வேலி வந்தது, இரண்டு கேட்டும் வந்தன. இன்றைக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் லாப்ரடாரும் செவலையும் ஒன்றாக மணலைத் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பழைய பாக்கி இல்லாமல் புதிதாக எழுதியவர்கள் நூற்றுப் பத்துப் பேர். அவர்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் எடுத்துத் தரச் சொன்னார் நர்ஸம்மா. அடுத்த ஆறு வருடம் ஒவ்வொருவர் விசேஷத்துக்கும் போய்த் திருப்பினார். போன தை மாதம் அவர் இறந்தபோது பதினான்கு பேர் மிச்சம். அவர்களுக்கு நான் போய் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘நாய்ப் பூங்கா’ என்று சொன்னால் போதும், எந்தக் கல்யாணத்திலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது விருந்தன்று நாலு மணிக்கு நடந்தது. கூட்டம் ஓய்ந்துவிட்டது. நோட்டை மூடினேன். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டு முடித்தபின் கடைசியாக விசேஷ வீட்டுக்காரர்கள் பந்தி. அண்ணன் தம்பி, சம்பந்தி, பேரன் பேத்தி என்று முப்பது நாற்பது பேர் அரட்டை அடித்துக்கொண்டு உட்காரும் பந்தி அது. சமையல்காரர் நீள மேஜையில் காகிதத்தை உருட்டி விரித்துவிட்டு, “வீட்டுக்காரவங்கல்லாம் வரலாம்!” என்று குரல் கொடுத்தார். நர்ஸம்மா வந்து நின்றார். சமையல்காரர் அவருக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. ஒரே ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். அவ்வளவு நீள மேஜையில் அந்த ஒரு இலை இருந்தது.

“ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்துருங்க தம்பி. வீட்டுல போயிச் சாப்பிட்டுக்கிறேன்” என்றார் நர்ஸம்மா.

“விசேஷ வீட்டுக்காரவங்க எலையில ஒக்காரணும்மா, அதான மொறை” என்றார் சமையல்காரர்.

நர்ஸம்மா முதல்முறையாக ஒரு முறையை மறுத்தார். காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்: “எனக்குப் பந்தியில ஒக்காந்து பழக்கமில்ல தம்பி. எங்க போனாலும் எழுதிட்டுக் கெளம்பிருவேன். பக்கத்து எலைக்கு ஆள் வெச்சிருக்கவங்கதான் பந்தியில ஒக்காருவாங்க.”

முப்பத்தோரு வருடம். எத்தனை நூறு விசேஷம். ஒன்றில்கூட இவர் சாப்பிட்டதில்லை. என் மகள் சடங்குக்கு வந்தபோதும் இப்படித்தான் போயிருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

இருபத்தொரு ரூபாய் அம்மாள் கை கழுவிவிட்டு டாடா ஏஸில் ஏற நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தார். நர்ஸம்மாவின் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, “எனக்கொரு எலை போடுங்க” என்றார். வண்டியில் ஏறியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான், அப்புறம் அவனும் வந்தான். லாப்ரடார்த் தம்பதி உட்கார்ந்தார்கள். தலைவரின் மனைவி தலைவரைப் பார்த்தார்.

“இப்பத்தானடி சாப்பிட்டேன்?” என்றார் தலைவர்.

“ஒக்காருங்க.”

உட்கார்ந்தார். கறி தீர்ந்துபோயிருந்தது. சோறும் ரசமும் மோரும்தான் மிச்சம். சமையல்காரர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அண்டாவைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். நர்ஸம்மா இடது பக்கம் வரிசை முடியும்வரை பார்த்தார், பிறகு வலது பக்கம் பார்த்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எல்லாருக்கும் சோறு வந்துருச்சுங்களா?” என்று கேட்டார்.

நான் அன்று இரண்டு மணிக்கே மூன்று கரண்டிக் கறியோடு மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருந்தேன். நர்ஸம்மாவுக்கு மறுபக்கம், மாமன் உட்காரவேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து, மோர் வரைக்கும் சாப்பிட்டேன்.